புள்ளி எழுத்தின் கணக்கு: டாட் மேட்ரிக்ஸ் எழுத்துரு எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் அச்சான தேதி. பேருந்தின் நெற்றியில் ஒளிரும் ஊர்ப் பெயர். மொத்தக் கடையில் கார்பன் படியோடு கிழித்துத் தரும் பில். மூன்றுமே புள்ளிகளால் ஆன எழுத்துதான். தூரத்தில் பார்த்தால் ஒரே ஜாடை. கிட்டத்தில் பார்த்தால் உடம்பே வேறு. பாட்டிலில் இருப்பது பறந்து வந்து ஒட்டிய மைத்துளி. பேருந்தில் இருப்பது விளக்கு. பில்லில் இருப்பது மை ரிப்பனின் மேல் ஊசி குத்திய தடம்.

"ரெட்ரோ" என்ற பெயரில் வரும் புள்ளி எழுத்துருக்கள் பலவற்றில் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. விளக்குப் பலகையின் இடைவெளியில் பிரிண்டரின் சாய்கோடு. பிரிண்டரின் எழுத்து வடிவத்தில் எல்.சி.டி. திரையின் சதுரப் புள்ளி. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும். எழுத்துரு எந்த எந்திரத்தின் பிள்ளை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் புள்ளியின் விட்டம், இடைவெளி, சாய்வு எல்லாம் அந்த எந்திரத்திலிருந்தே வந்துவிடும். அந்த முடிவை எடுக்கத் தேவையான கணக்குகளும், அதே கணக்கைத் தமிழுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

5க்கு 7 என்ற அளவு

குறுக்கே 5, நெடுக்கே 7, ஆக 35 புள்ளி. லத்தீன் எழுத்துக்கு இந்தக் கட்டம் நிலைத்ததற்குக் காரணம் எளிது. லத்தீன் பெரிய எழுத்துகளில் நெட்டுக்கோடு அதிகம் உள்ளவை 'எம்'மும் 'டபிள்யூ'வும். அவற்றிலும் மூன்றுதான். மூன்று கோட்டுக்கு மூன்று நிரல் (மேலிருந்து கீழாக ஓடும் புள்ளி வரிசை), நடுவில் இரண்டு காலி நிரல், மொத்தம் 5. படுக்கைக்கோடு அதிகம் உள்ளவை 'இ' (E), 'பி' (B) போன்றவை. அவற்றிலும் மூன்றுதான். மூன்று கோட்டுக்கு மூன்று வரி, இரண்டு இடைவெளிக்கும் இரண்டிரண்டு வரி, மொத்தம் 7. இதற்குக் கீழே போனால் எழுத்து உடையும். மேலே போனால், நினைவகச் சில்லு விலை உயர்ந்திருந்த காலத்தில், காசு வீண்.

ஆப்பிள் 1 கணினியில் எழுத்து வடிவங்களைச் சேமித்து வைத்திருந்த சிக்னெட்டிக்ஸ் 2513 சில்லு இந்தக் கணக்குக்கு நல்ல சாட்சி. 64 குறிகள், பெரிய எழுத்து மட்டும். சின்ன எழுத்து இல்லாததற்குச் சிக்கனம் மட்டும் காரணமல்ல. 'ஜி' (g), 'பி' (p), 'ஒய்' (y) ஆகியவற்றின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். 7 வரியில் அதற்கு இடமில்லை. வாலை மேலே சுருட்டி வைத்தால் எழுத்து எம்பி நிற்பது போலத் தெரியும். இரண்டு வரி கூடக் கொடுத்து 9 ஆக்கினால்தான் அந்தச் சிக்கல் தீரும்.

புள்ளியால் எழுதுவது கணினியோடு வந்த பழக்கமும் அல்ல. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 1928 நவம்பர் 6 அன்று ஓடத் தொடங்கிய செய்திப் பட்டையில் 14,800 மின்விளக்குகள் இருந்தன.

ஊசியின் கணக்கு

பிரிண்டரின் பிள்ளையாக எழுத்துரு வேண்டும் என்றால் 1980இல் வந்த எப்சன் எம்.எக்ஸ்-80 வகையை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். தலையில் 9 ஊசிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, 1/72 அங்குல இடைவெளியில். அதாவது 0.353 மி.மீ. பெரிய எழுத்துக்கு மேல் 7 ஊசி, வாலுக்குக் கீழ் 2 ஊசி. ஓர் அங்குலத்தில் 10 எழுத்து, ஒரு வரியில் 80 எழுத்து.

குறுக்கு வாட்டில்தான் நுட்பம் இருக்கிறது. தலை நகர்ந்துகொண்டே இருக்கும். ஊசி வெளியே போய் ரிப்பனைக் குத்தி, மின்காந்தச் சுருளின் பிடி விட்டு, வில்லின் விசையால் உள்ளே திரும்ப வேண்டும். ஒரு நொடியில் 80 எழுத்து, எழுத்துக்கு இடைவெளியும் சேர்த்து 6 நிரல் என்றால் நொடிக்கு 480 நிரல். ஒரு நிரலுக்குக் கிடைப்பது சுமார் 2 மில்லி நொடி. அதற்குள் ஒரு ஊசி ஒரு முறைதான் குத்த முடியும். ஆனால் பக்கத்து ஊசி அரை நிரல் தள்ளிக் குத்துவதை எதுவும் தடுக்கவில்லை. எனவே 5 முழு நிரல்களுக்கு நடுவே 4 அரை நிரல்களும் சேர்ந்து 9 இடங்கள் கிடைத்தன. நிபந்தனை ஒன்றே: ஒரே வரியில் அடுத்தடுத்த இரண்டு அரை இடங்களில் புள்ளி வைக்கக் கூடாது.

அந்தக் காலத்து பில் எழுத்தின் அழகு முழுக்க இந்த ஒரு நிபந்தனையில் இருக்கிறது. நெட்டுக்கோட்டில் புள்ளிக்குப் புள்ளி தூரம் 0.353 மி.மீ. படுக்கைக்கோட்டில் 1/60 அங்குலம், அதாவது 0.423 மி.மீ. அரை நிரல் தள்ளி ஒரு வரி இறங்கும் சாய்கோட்டில் 0.411 மி.மீ. மூன்றும் ஏறக்குறைய ஒன்று. அதனால்தான் ஊசி பிரிண்டரில் 'வி'யும் 'டபிள்யூ'வும் நெட்டுக்கோட்டைப் போலவே கறுப்பாக விழுகின்றன. அரை நிரல் இல்லாமல் முழு நிரலாகச் சாய்ந்தால் தூரம் 0.551 மி.மீ. ஆகிவிடும், சாய்கோடு வெளுத்துத் தெரியும்.

ஊசியின் விட்டம் ஏறத்தாழ 0.3 மி.மீ. தாளில் விழும் தடம் அதைவிடப் பெரிது. ரிப்பன் துணியின் தடிமனும் மையின் கசிவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நெட்டுக்கோட்டில் புள்ளிகள் தொட்டுக்கொண்டோ சற்று மேலேறியோதான் இருக்கும். பிரிண்டர் பாணி என்று சொல்லிப் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்து நிறுத்தும் எழுத்துரு, பிரிண்டரைப் பார்த்து வரைந்தது அல்ல.

இந்த எந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவும் இல்லை. படி எடுக்கும் தாளில் ஒரே அடியில் மூன்று பிரதி வர வேண்டும் என்றால் குத்துகிற எந்திரம் வேண்டும். லேசர் பிரிண்டரால் அது ஆகாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. வரிசைப் பிரிண்டர்களைப் பில் போடும் மேசைகளில் பார்த்திருப்பீர்கள். வங்கிப் பாஸ்புக் அடிக்கும் எந்திரம் பெரும்பாலும் 24 ஊசி வகை. அதில் ஊசி சுமார் 0.2 மி.மீ., இரண்டு அணியாக விலகி நிற்கும். புள்ளி கண்ணுக்கே தெரியாது. எனவே பாஸ்புக் எழுத்து 'புள்ளி எழுத்து'க்கு மாதிரியாக உதவாது.

விட்டமும் பிட்ச்சும்

ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடு வரையுள்ள தூரம்தான் பிட்ச். புள்ளியின் விட்டத்தைப் பிட்ச்சால் வகுத்தால் வரும் எண், எழுத்துருவின் குணத்தை வேறெதையும் விட அதிகமாகத் தீர்மானிக்கிறது.

ஊசி பிரிண்டருக்கு இது 1ஐ ஒட்டி அல்லது சற்று மேலே. 16 எழுத்து, 2 வரி எல்.சி.டி. திரையில் புள்ளி 0.56 × 0.66 மி.மீ., பிட்ச் 0.60 × 0.70 மி.மீ.; விகிதம் சுமார் 0.94, புள்ளி வட்டமல்ல, சற்று உயரமான செவ்வகம், நடுவில் மயிரிழை போன்ற கோடு. கனடாவின் ஃபெரான்டி-பேக்கர்ட் நிறுவனம் 1961இல் உருவாக்கிய புரளும் தகட்டுப் பலகையில் வட்டத் தகடு கட்டத்தை ஏறக்குறைய நிறைத்துவிடும். கடை வாசலில் தொங்கும் பி10 எல்.இ.டி. பலகையில் பிட்ச் 10 மி.மீ., விளக்கு அதில் பாதியளவுதான், விகிதம் 0.5 பக்கம். ஆனால் இரவில் பளபளப்பு கசிந்து, கண்ணுக்கு 0.8 போலத் தெரியும். விளக்குப் பலகை பாணியில் எழுத்துரு வரைபவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: பகலில் கையால் தொடும் விளக்கை வரைவதா, இரவில் தூரத்தில் தெரியும் ஒளியை வரைவதா? கறுப்புப் பின்னணியில் ஒளிர்வது போல வடிவமைக்கிறீர்கள் என்றால் 0.75 முதல் 0.85 வரை வைப்பது நல்லது. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளி என்றால் அதே எழுத்து மெலிந்து தெரியும், 0.9க்கு ஏற்ற வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சதுரக் கட்டத்தில் மூலைவாட்டுத் தூரம் பிட்ச்சைப் போல 1.41 மடங்கு. விகிதம் 0.8 என்றால் நேர்கோட்டில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காலி 0.2 பிட்ச், மூலைவாட்டில் 0.61 பிட்ச். மூன்று மடங்கு. நேர்கோடுகளால் ஆன எழுத்து கெட்டியாக நிற்க, வளைவுகளால் ஆன எழுத்து பல் விழுந்தது போல நிற்கும். லத்தீனுக்கு இது சின்னத் தொல்லை. தமிழுக்கு இதுதான் தலைவலி.

தமிழ் இந்தக் கட்டத்தில் ஏறும்போது

சில எழுத்துகள் இந்தக் கட்டத்துக்கென்றே பிறந்தவை போல அமைந்துவிடும். 'ட' 5க்கு 7இல் 11 புள்ளி: நெட்டுக்கு 7, அடியில் 5, மூலைப் புள்ளி பொது. 'ப' 17 புள்ளி. இவற்றைப் பார்த்துவிட்டு மீதியும் இப்படியே வரும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள் 'ண'வில் நின்றுவிடுவார்கள்.

எம்முக்குப் போட்ட கணக்கையே போடலாம். நெட்டுக்கோடுகளை எண்ணி, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் குறைந்தபட்ச நிரல் எண்ணிக்கை. 'ன'வில் இடது சுழியின் இரண்டு சுவர், நடுக்கால், வலக்கால்: நான்கு கோடு, 7 நிரல். 'ண'வில் இன்னொரு கால்: 9 நிரல். 5 நிரலில் 'ண' எழுதவே முடியாது. திறமைக் குறைவு அல்ல, இடக் குறைவு. எழுத்துகளுக்குள் இப்படி ஒற்றை நிரல் இடைவெளிகள் நிறைந்திருப்பதால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு நிரல் விட்டால் போதாது, இரண்டு விட வேண்டும். ஒன்றே விட்டால் 'ன'வின் கடைசிக் காலும் அடுத்த எழுத்தின் முதல் சுவரும் சேர்ந்து வேறொரு எழுத்தாகத் தோன்றும்.

உயரத்தில் கணக்கு இன்னும் தெளிவு. உடலுக்கு 8 வரி. 'ர', 'ழ' வால்களுக்கும் உகர ஊகாரக் கீற்றுகளுக்கும் கீழே 4 வரி. இகர ஈகாரக் கொக்கிக்கும் மெய்ப்புள்ளிக்கும் மேலே 4 வரி. மொத்தம் 16. கடைகளில் கிடைக்கும் பி10 பலகைத் துண்டு 32க்கு 16 புள்ளி. அளவு 320 × 160 மி.மீ. தமிழுக்குக் குறைந்தபட்சம் தேவையான உயரமும் இந்தத் துண்டின் உயரமும் ஒன்றாக அமைந்தது தற்செயலான வசதி. இரண்டு துண்டு பக்கத்தில் வைத்தால் 64 நிரல். சராசரியாக எழுத்துக்கு 8, இடைவெளிக்கு 2 என்று வைத்தால் 6 வடிவம் நிற்கும். 'பரமக்குடி' ஓடாமல் நிற்கும். 'திருச்செந்தூர்' நிற்காது, அதில் ஒற்றைக் கொம்பையும் சேர்த்து 8 வடிவம்.

அந்தப் பரமக்குடியையே கிட்டத்தில் பார்ப்போம். 7 வரிக் கட்டத்தில் தமிழைத் திணிக்கும் பலகையில் 'ர'வின் வாலுக்கு இடம் இருக்காது. வால் போனால் 'ர'வும் துணைக்காலும் ஒன்று. 'பரமக்குடி' 'பாமக்குடி' ஆகிவிடும். 'மரம்' 'மாம்' ஆகிவிடும். ஊர்க்காரர் சரியாகவே படித்துக்கொள்வார். பெயர்ப் பலகை வெளியூர்க்காரருக்குத்தானே. ஆகவே விதி ஒன்று வைத்துக்கொள்ளலாம்: குழம்பக்கூடிய எந்த இரண்டு வடிவத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு புள்ளி வித்தியாசம் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது அடிக்கோட்டுக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. 'எ'-'ஏ', 'ஒ'-'ஓ', ஒற்றைக் கொம்பு-இரட்டைக் கொம்பு, 'கி'-'கீ' ஆகிய இணைகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

அடுத்தது மெய்ப்புள்ளி. புள்ளிகளால் ஆன எழுத்தில் புள்ளி என்ற உறுப்பை எப்படிக் காட்டுவது? ஒற்றைப் புள்ளி வைத்தால் இப்படி இருக்கும்:

○○●○○
○○○○○
●○○○○
●○○○○
●○○○○
●○○○○
●○○○○
●●●●●

தாளில் இது 'ட்' என்று படிக்கப்படும். விளக்குப் பலகையில் அந்த ஒற்றை விளக்கு, பழுதாகி எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு போலத் தெரியும். எரியாமல் போனால் இன்னும் மோசம்: 'திருச்செந்தூர்' 'திருச்செந்தூர' ஆகிவிடும். எனவே 16 வரிக் கட்டத்தில் மெய்ப்புள்ளிக்கு 2க்கு 2, நான்கு புள்ளி கொடுங்கள். கோடுகள் ஒரு புள்ளி தடிமன் இருக்க, இது மட்டும் கட்டியாக நிற்கும், குழப்பம் வராது. நான்கில் ஒன்று போனாலும் மெய் மெய்யாகவே இருக்கும். உடலுக்கும் இதற்கும் நடுவே ஒரு வரி கட்டாயம் காலி. மேலே ஒதுக்கிய 4 வரியில் காலி 1, புள்ளி 2, உச்சியில் மூச்சுவிட 1.

சுழிகளுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. 3க்கு 3 கட்டத்தில் நடுவை மட்டும் காலியாக்கி 8 புள்ளி வைத்தால் சுழி. மூலைகளை எடுத்துவிட்டு 4 புள்ளி மட்டும் வைத்தால் வட்டமாக இருக்கும் என்று தோன்றும். மேலே சொன்ன மூலைவாட்டு இடைவெளியால் அது சுழியாகத் தெரியாது, நாலு சிதறல் புள்ளியாகத்தான் தெரியும். சதுரமாக இருந்தாலும் 8 புள்ளிச் சுழியே மேல். கண் தானே உருட்டிக்கொள்ளும்.

1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணை வழியாக வந்த எழுத்துச் சீர்திருத்தம் இந்த வேலையை எவ்வளவு எளிதாக்கியது என்பதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் போய், துணைக்காலும் ஐகாரக் கொம்பும் பிரிந்து நின்றன. பழைய 'னை' வடிவத்தின் தும்பிக்கையை 16 வரிக்குள் வளைத்துக் கொண்டுவருவது பெரும்பாடு. உகர ஊகாரங்கள் அந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. புள்ளி எழுத்து வரைபவருக்கு நேரம் அதிகம் பிடிப்பதும் அவையே.

எழுத்துருவாகச் செய்வது

உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, துணைக்கால், கொம்புகள், ஔகாரக் குறி சேர்த்து 5. மொத்தம் 126 வடிவத்தில் 247 எழுத்தும் வந்துவிடும். கிரந்த எழுத்து, எண், நிறுத்தக்குறி இதற்கு மேல்.

எழுத்துரு வரையும் மென்பொருள் ஃபான்ட்ஃபோர்ஜ், கிளிஃப்ஸ் எதுவானாலும் முதலில் எம் அளவை (எழுத்து வரையும் சதுரத்தின் உயரத்தை) பிட்ச்சால் மீதியின்றி வகுபடும்படி வையுங்கள். 16 வரிக்கு 1024 அலகு, பிட்ச் 64, புள்ளி விட்டம் 52 என்றால் விகிதம் சுமார் 0.81. 1000 என்று விட்டுவிட்டால் பிட்ச் 62.5 ஆகி, ஒவ்வொரு இரண்டாவது புள்ளியும் அரை அலகு உருண்டு ஒழுங்கு கலையும்.

பிறகு ஒரே ஒரு புள்ளியைத் தனி வடிவமாக வரைந்து, எல்லா எழுத்திலும் அதை மேற்கோள் உறுப்பாகவே, அதாவது அந்த மூலப் புள்ளியைச் சுட்டும் இணைப்பாகவே, வையுங்கள். நகல் எடுத்து ஒட்டாதீர்கள். நாளை விட்டத்தை 52இலிருந்து 58 ஆக்க வேண்டும் என்றால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். வட்டத்தைச் சதுரமாக்குவதும் அப்படியே. கோப்பும் சின்னதாக இருக்கும்: ஒரு வட்டத்துக்கு 12 கட்டுப்பாட்டுப் புள்ளி, ஒரு தமிழ் எழுத்துக்கு 40 வட்டம் என்றால் எழுத்துக்கு 480, நகலாக வைத்தால் அவ்வளவும் கோப்பில் ஏறும்.

எழுத்தின் அகலம் எப்போதும் 64இன் மடங்கு. கெர்னிங் (குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது) வேண்டாம். ஓர் இணைக்குக் கெர்னிங் கொடுத்த உடனே அதற்குப் பின்னால் வரும் எழுத்துகள் எல்லாம் கட்டத்தை விட்டு விலகிவிடும். இரண்டு வரி ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்போது நிரல்கள் கோணலாகத் தெரியும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுப்பதும் தமிழில் நடக்காது: துணைக்கால் 3 நிரல், 'ண' 9 நிரல்.

மெய்ப்புள்ளியை நங்கூரம் (ஒட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) வைத்துப் பொருத்தும் வழக்கமான முறையில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. எழுத்தின் நடுவில் நங்கூரம் வைப்பது பழக்கம். 2 நிரல் அகலப் புள்ளி, 7 நிரல் எழுத்தின் நடுவில் உட்கார்ந்தால் அரை நிரல் தள்ளிப்போகும். ஒரே ஓர் அரை நிரல் பிசகு, முழுப் பலகையும் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். 18 மெய்யையும் முழு வடிவமாகவே வரைந்து வைப்பது பாதுகாப்பு. நடுவுக்கு ஒரு பக்கமாக அரை நிரல் ஒதுங்கிக் கட்டத்தில் உட்கார்ந்தாலும் படிப்பவருக்கு அது உறுத்தாது.

கடைசியாக ஏற்ற இறக்க அளவுகள், அதாவது அடிக்கோட்டுக்கு மேலும் கீழும் எழுத்துக்கு ஒதுக்கும் இடம். மேலே 768, கீழே 256. எழுத்துருக் கோப்பில் இந்த அளவு மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸில் ஒரு வரி உயரம், மேக்கில் வேறொரு வரி உயரம் வரும்.

ஆயத்தமாகக் கிடைப்பவற்றில் இரண்டைப் பார்த்துப் படிக்கலாம். கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள டோட்டோ, 6க்கு 10 கட்டத்தில் ஒரே அகலம் கொண்டது. புள்ளியின் அளவையும் உருட்சியையும் இழுத்து மாற்றலாம். ஹேண்ட்ஜெட், பெட்டிகளில் குறி போடும் கையடக்க மைத்துளி எந்திரத்திலிருந்து பிறந்தது. அரபு, ஆர்மீனியம், ஹீப்ரு வரை போகிறது. இரண்டிலும் தமிழ் இல்லை. வேலைக்கு இறங்க நினைப்பவருக்கு இந்த இடம் காலியாக இருக்கிறது.

பயன்படுத்தும் இடங்கள்

இணையப் பக்கத்தில் எழுத்தளவைக் கண்மதிப்பில் வைக்கக் கூடாது. 16 வரி எழுத்துருவுக்கு 24 பிக்சல் அளவு கொடுத்தால் பிட்ச் 1.5 பிக்சல், சில புள்ளி தடித்து, சில மங்கி, அலையலையாகத் தெரியும். 32, 48, 64 என்று 16இன் மடங்காக வையுங்கள். அதிலும் 64 மிக நல்லது: விண்டோஸ் திரையை 125 சதவீதம் பெரிதாக்கினால் பிட்ச் 5 பிக்சல், 150இல் 6, 175இல் 7. எங்கும் பின்னம் வராது. 48ஐ 125 சதவீதமாக்கினால் 3.75 ஆகிக் கலைந்துவிடும். வரி உயரம் 1.25 வைத்தால் 20 பிட்ச். கட்டம் வரி தாண்டியும் தொடரும். எழுத்திடைவெளி கூட்ட வேண்டுமானால் 0.0625 எம் அல்லது அதன் மடங்கு.

உடல் வாசகத்துக்கு இந்த எழுத்து வேண்டவே வேண்டாம். ஒரு தலைப்பு, ஒரு நேரம், ஒரு எண், ஒரு ஊர்ப் பெயர். அவ்வளவுதான் அதன் எல்லை. நத்திங் கைப்பேசிகளின் திரையில் கடிகாரமும் பெரிய எண்களும் புள்ளி எழுத்தில் வருவதும், கீழே படிக்க வேண்டிய வாசகம் சாதாரண எழுத்தில் வருவதும் இந்த எல்லையை அறிந்து செய்தது. எண்களுக்கு இது பொருந்துவது போல வேறெதற்கும் பொருந்தாது, ஏனென்றால் எண்கள் பத்தும் 5க்கு 7இல் தெளிவாகவே அமைகின்றன.

சின்ன எல்.சி.டி. திரையில் தமிழ் காட்ட முயல்கிறவர்களுக்கு ஒரு வழி. இந்தத் திரைகளை இயக்கும் எச்.டி. 44780 சில்லில் நாமே வரைந்து ஏற்ற 8 வடிவத்துக்குத்தான் இடம் உண்டு, ஒவ்வொன்றும் 5க்கு 8. ஓர் எழுத்தை இரண்டு கட்டத்தில் பிரித்து வைக்கலாம். ஆனால் கட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு புள்ளி அகலம் எப்போதும் இருட்டு. எனவே 11 நிரலில் வரைந்து, 6ஆவது நிரலில் முக்கியமான கோடு எதுவும் விழாதபடி பார்த்துக்கொண்டு, அந்த நிரலை வெட்டி எறியுங்கள். படுக்கைக்கோடு அங்கே ஒரு புள்ளி அறுபட்டாலும் கண் சேர்த்துக்கொள்ளும். நெட்டுக்கோடு விழுந்தால் எழுத்தே போச்சு.

தகட்டில் துளை போட்டுப் பின்னால் விளக்கு வைக்கும் பெயர்ப் பலகைக்கு, புள்ளி எழுத்தைவிடத் தமிழுக்கு ஏற்ற வழி இல்லை என்றே சொல்லலாம். சாதாரண எழுத்தை வெட்டினால் 'ன', 'ல', 'ஐ' எல்லாவற்றின் சுழிக்குள்ளும் இருக்கும் தகடு கழன்று விழும். அதைப் பிடித்து நிறுத்தப் பாலம் வைத்தால் எழுத்தின் முகம் கெடும். துளைகளுக்குப் பாலமே தேவையில்லை. 1.5 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. துளை, 5 மி.மீ. பிட்ச் என்றால் 16 வரிக்கு 80 மி.மீ. உயரம்; துளைகளுக்கு நடுவே 2 மி.மீ. உலோகம் மிஞ்சும். அந்த மிச்சம் தகட்டின் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. பத்து எழுத்துப் பெயருக்கு ஏறத்தாழ 400 துளை. லேசரில் வரிசையாக ஒரே மூலையிலிருந்து வெட்டிக்கொண்டே போனால் சூட்டில் தகடு வளையும். எழுத்து விட்டு எழுத்து தாவி வெட்டும்படி பட்டறையில் முன்பே சொல்லிவிடுங்கள்.

உண்மையான பி10 பலகையைப் படம்பிடித்து விளம்பரத்தில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றை நிறப் பலகையில் 16 வரியும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒரு கணத்தில் நான்கு வரி, அடுத்த கணத்தில் அடுத்த நான்கு என்று சுற்றிச் சுற்றி எரிகிறது. வேகமான ஷட்டரில் எடுத்தால் பாதி எழுத்து இருட்டில் போயிருக்கும். ஷட்டரை 1/50 நொடிப் பக்கம் கொண்டுவந்து, அதனால் கூடும் ஒளியை லென்ஸின் துவாரத்தைச் சுருக்கிக் குறைத்துக்கொண்டால் 16 வரியும் சீராக விழும்.